காட்டுக்குள் முகாம், பாதை முனையில் வண்டி: திருட்டிலிருந்து காப்பது எப்படி?

கொலராடோவில் வசிக்கும் ஒருவரின் கேள்வி இது. அக்டோபர் கடைசியில் நான்கு பேர் முறையான உரிமத்தோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறார்கள். தேசிய வனத்தில் ஐந்து நாள் கூடாரம். ஒரு பிக்கப், அதன் பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் இரண்டு ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் சிறிய நாலு சக்கர வண்டி), கூடவே ஒரு ஜெனரேட்டர். பகல் முழுக்க முகாமில் ஆள் இருக்காது. நடுவில் இரண்டு இரவு நால்வரும் மலைமேல் தங்குவார்கள். "எந்தப் பூட்டு வாங்கினால் நிம்மதியாக இருக்கலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

பூட்டுக்குப் பிறகு வருகிறேன். ஊருக்குள் ஒரு பூட்டு திருடனை ஐந்து நிமிடம் தாமதப்படுத்தினால் போதும், அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். வனச்சாலையின் கடைசியில், வார நாளின் நடுப்பகலில், மணிக்கணக்கில் ஒருவரும் வரமாட்டார்கள். பேட்டரியில் ஓடும் கிரைண்டர் கையில் இருந்தால் தடித்த சங்கிலியும் சில நிமிடம்தான். அங்கே நேரம் முழுக்கத் திருடன் பக்கம் இருக்கிறது. அதனால் முதலில் எதையெல்லாம் கொண்டுபோகாமல் இருக்கலாம் என்று பாருங்கள். கொண்டுபோவதைக் கண்ணில் படாமல் வையுங்கள். வண்டியை ஓடாதபடி செய்யுங்கள். பூட்டு அதற்கும் பிறகுதான். இத்தனையும் மீறி வண்டி போய்விட்டால் உயிரோடு ஊர் திரும்ப வழி வேண்டும், அதையும் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

வருகிறவர்களும் ஒரே ரகம் இல்லை. கண்ணாடியை உடைத்து அரை நிமிடத்தில் பையை எடுத்துக்கொண்டு போகிறவன் ஒருவன். சொந்தமாக ஒரு பிக்கப்போடு வந்து டிரெய்லரை மாட்டி இழுத்துப் போகிறவன் இன்னொருவன். திருட வேண்டும் என்று கிளம்பாமல், ஆளில்லாத முகாமைப் பார்த்ததும் ஐஸ் பெட்டியையும் கேமராவையும் தூக்கிப் போகிறவன் மூன்றாமவன். முதல் ஆளுக்கு உள்ளே எதுவும் தெரியக்கூடாது. இரண்டாம் ஆளுக்கு வேலை அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆள் பெரும்பாலும் ஒரு சாதாரணப் பூட்டைப் பார்த்தாலே நகர்ந்துவிடுவான்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்ய வேண்டியதில் முக்கியமானது, கராஜ் கதவின் ரிமோட்டை வண்டியில் விட்டுப் போகாமல் இருப்பது. வண்டியின் பதிவுச் சீட்டிலும் காப்பீட்டுத் தாளிலும் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. ரிமோட்டும் முகவரியும் சேர்ந்து கிடைத்தால், நீங்கள் மலைமேல் இருக்கும்போது வீடும் போகும். நடக்கக் கிளம்பும்போது அந்தத் தாள்களை முதுகுப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான்களை ஒளித்து வைக்கும் வேலையைப் பாதை முனையில், அதாவது வண்டியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கும் இடத்தில், செய்யாதீர்கள். வந்து இறங்குகிறவர்கள் எதை டிக்கிக்கு மாற்றுகிறார்கள் என்று ஒருவன் தன் வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசி ஊரின் பெட்ரோல் நிலையத்திலேயே எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடிவிட்டு வாருங்கள். பாதை முனையில் இறங்கினால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். ஒளிக்க டிக்கி இல்லாத எஸ்யூவி என்றால் சாமான்களை முழுவதும் காலி செய்து, பின்சீட்டை மடித்து, கையுறைப் பெட்டியைத் திறந்து போட்டுவிடுவது நல்லது. மேலே போர்வை போட்டு மூடினால், கீழே ஏதோ இருக்கிறது என்று நீங்களே சொல்வதாக ஆகும். பிக்கப்பின் பின்தொட்டியை மூடும் துணி உறையைக் கத்தியால் கிழித்துவிடலாம். அது மழைக்குத்தான் பாதுகாப்பு.

உணவு விஷயத்தில் கொலராடோவில் இன்னொரு சிக்கல் உண்டு. அக்டோபரில் கருங்கரடிகள் இன்னும் இரை தேடி அலையும். பூட்டாத காரின் கதவுக் கைப்பிடியை இழுத்துத் திறக்க அவற்றுக்குத் தெரியும். உள்ளே மாட்டிக்கொண்டால் இருக்கையைப் பிய்த்து எறிந்துவிடும். ஆகவே வண்டிக் கதவுகளை எப்போதும் பூட்டி வையுங்கள், வாசனை வரும் எதையும் உள்ளே விடாதீர்கள். கரடி திறக்க முடியாதது என்று சான்று பெற்ற ஐஸ் பெட்டிகள் பலவற்றில் மூலையில் பூட்டுக்கான ஓட்டை இருக்கும். அங்கே இரண்டு பூட்டுப் போட்டால்தான் அந்தச் சான்று பொருந்தும். மனிதனுக்கும் அதே பூட்டு உதவும்.

"ஞாயிறு மாலை திரும்புவோம்" என்று சீட்டு எழுதி டேஷ்போர்டில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. உங்களைத் தேடி வருகிறவர்களுக்கு அது உதவும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் திருடனுக்கு அதைவிட வசதியான தகவல் கிடையாது. போகும் பாதை, திரும்பும் நேரம், வண்டி எண், கூடாரம் போடும் இடம் எல்லாவற்றையும் ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் ஷெரிஃப் (மாவட்டக் காவல்துறை) அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். படங்களை வீடு திரும்பிய பிறகு பகிருங்கள்.

வண்டியை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அரை மணி நேரம் செலவு செய்தாலும் தகும். தரையில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடந்தால் அங்கே நிறுத்தாதீர்கள், முன்பே அங்கு வண்டிக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். பின்கதவு ஒரு பெரிய மரத்துக்கோ பாறைக்கோ ஒட்டி இருக்கும்படி நிறுத்தினால் திறக்க இடம் இருக்காது. பொறுப்பாளர் தங்கியிருக்கும் முகாம் மைதானம் பக்கத்தில் இருந்தால் கட்டணம் கொடுத்து அங்கே விட்டுவிட்டு நடப்பது நல்லது. வனத்தை ஒட்டிய பண்ணைக்காரர்கள் சிலர் சிறு தொகைக்குத் தங்கள் முற்றத்தில் வண்டி நிறுத்த விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். நீங்கள் மலைமேல் தங்கும் அந்த இரண்டு இரவுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

இனி வண்டியை ஓடாதபடி செய்வது. பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் படம் இருக்கும். அதில் ஃபியூவல் பம்ப் ரிலே (எரிபொருள் பம்புக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச்) எது என்று பார்த்து அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செலவு எதுவும் இல்லை, வேலை அரை நிமிடம். இதை முதலில் வீட்டு வாசலில் செய்து பாருங்கள். குழாயில் மிச்சம் இருக்கும் அழுத்தத்தால் எஞ்சின் சில நொடி ஓடி நின்றுவிடக்கூடும். அது இயல்பு. சில புதிய வண்டிகளில் ரிலேக்குப் பதிலாகத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அவற்றில் ஸ்டார்ட்டர் ரிலேயைக் கழற்றலாம். ஏர்பேக், ஏபிஎஸ் சம்பந்தப்பட்ட ஃபியூஸ்களைத் தொடாதீர்கள். விஷயம் தெரிந்தவன் ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி இங்கே செருகிவிடுவான், ஏனென்றால் பல வண்டிகளில் இரண்டும் ஒரே அளவு. அதனால் பம்புக்குரிய ஃபியூஸையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். எடுத்ததை ஒரு ஜிப் பையில் போட்டு ஒருவர் வைத்துக்கொள்ள, அதே வகையில் புதிதாக வாங்கிய ஒரு ஜோடி இன்னொருவரிடம் இருக்கட்டும். மலையில் ரிலே தொலைந்தால் நீங்களும் கிளம்ப முடியாது.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். கழற்றினால் அலாரமும் செத்துவிடும். ரிலே முறையில் அந்தக் குறை இல்லை. ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புத் தடியையும் போடுங்கள். ஸ்டீயரிங் வளையத்தை ரம்பத்தால் அறுத்து அதை எடுத்துவிடலாம்தான், ஆனாலும் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பதே அதன் பயன். உங்களில் ஒருவர் 2011 முதல் 2021 வரையான கியா அல்லது ஹூண்டாய் காரில் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சாவியைத் திருகி ஓட்டும் பல மாடல்கள் அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத மின்னணுப் பூட்டு) இல்லாமலே விற்கப்பட்டன.

சாவியை பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். முதலில் தேடுவது அங்கேதான். அதோடு, பொத்தானை அழுத்தி ஓட்டும் வண்டியில் சாவிக்கட்டை வண்டிக்குப் பக்கத்தில் இருந்தால் கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறந்துகொள்ளலாம். இரண்டு சாவி, இரண்டு ஆள், இரண்டு தனித்தனிப் பை. ஓடையில் விழுந்து ஒன்று நனைந்தாலும் மற்றது இருக்கும்.

டிரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருடனுக்கு அதில் எஞ்சினும் இல்லை, சாவியும் இல்லை, மாட்டி இழுத்தால் வந்துவிடும். பிக்கப்போடு மாட்டியே வைத்திருந்தால், ரிசீவரில் (பிக்கப்பின் பின்னால் கொக்கியைச் செருகும் சதுரக் குழாய்) இருக்கும் சாதா ஊசியை எடுத்துவிட்டுப் பூட்டும் ஊசியைப் போடுங்கள். இரண்டு அங்குல ரிசீவருக்குப் பெரும்பாலும் 5/8 அங்குல ஊசி. டிரெய்லரின் மூக்கில் பிக்கப்பின் இரும்பு உருண்டையைக் கவ்விப் பிடிக்கும் கப்ளரின் தாழ்ப்பாளுக்கும் ஒரு பூட்டு. இது இல்லாவிட்டால் தாழ்ப்பாளைத் தூக்கித் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

கழற்றி வைக்கும்போதுதான் ஆபத்து அதிகம். தாழ்ப்பாளில் மட்டும் போடும் சின்னப் பூட்டு அப்போது உதவாது. அவன் சிறிய உருண்டையை உள்ளே நுழைத்தோ, டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலியையே தன் வண்டியில் கட்டியோ இழுத்துப் போவான். கப்ளரின் குழிக்குள் உருண்டை போல நுழைந்து, மேலே தடித்த இரும்புப் பட்டையால் உதட்டைச் சுற்றிப் பிடிக்கும் வகைப் பூட்டு வாங்குங்கள். கப்ளர் அளவுகள் 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என மூன்று பரவலாக இருக்கின்றன. அளவு தவறினால் பூட்டு ஆடும், சுத்தியலால் தட்டி எடுத்துவிடலாம். ஒரு சக்கரத்தில் கிளாம்ப் மாட்டுங்கள். டிரெய்லரின் மூக்கு மேட்டையோ மரத்தையோ பார்த்து இருக்கும்படி தள்ளி நிறுத்துங்கள், வேறு வண்டி பின்னோக்கி வந்து மாட்ட இடம் இருக்கக்கூடாது.

ஐந்து நாள் அசையாமல் நிற்கப் போகிறது என்றால் இதையெல்லாம் விட வலுவானது ஒரு சக்கரத்தைக் கழற்றிவிடுவது. அச்சுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டு, அதற்கு அடியில் அகலமான பலகை. பலகை இல்லாமல் வைத்தால் பகலில் இளகும் சேற்றில் ஸ்டாண்டு இறங்கி, இரவில் உறைந்து பிடித்துக்கொள்ளும். கழற்றிய சக்கரத்தையும் டிரெய்லரின் ஸ்டெப்னியையும் வண்டிக்குள் பூட்டி வையுங்கள். ஸ்டெப்னியை அங்கேயே விட்டுவிட்டு சக்கரத்தைக் கழற்றினால் பட்ட பாடு வீண்.

ஏடிவியின் சாவிப் பூட்டை நம்ப வேண்டாம், கம்பியை இணைத்து ஓட்டிவிடலாம். சங்கிலியைச் சட்டத்துக்குள் விட்டுக் கட்டுங்கள். சாமான் தட்டு, சக்கரம், போல்ட் போட்ட கம்பி இவற்றில் கட்டினால் அந்தப் பாகத்தை மட்டும் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுபோவான். இரண்டு ஏடிவியையும் ஒன்றோடொன்று கட்டி, அந்தச் சங்கிலியை டிரெய்லர் சட்டத்திலும் கோத்துவிட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் நகர்த்த முடியும்.

சங்கிலி என்றால் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாச் சங்கிலி வேண்டாம். 36 அங்குல போல்ட் கட்டர் அதை எளிதில் கடித்துவிடும், 10 மி.மீ. கடினப்படுத்திய சங்கிலிகூட அதற்குத் தப்புவது உறுதியில்லை. 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்த, கடினப்படுத்திய உருக்குச் சங்கிலியைக் கைக் கட்டரால் வெட்டுவது மிகக் கடினம், கிரைண்டர் தேவைப்படும். எடை மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ. டிரெய்லரில்தான் போகிறது என்பதால் எடை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. சங்கிலியும் பூட்டும் தரையில் கிடக்கக்கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியை மண்ணில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடல் எடையைப் போட்டு அழுத்துவான். இறுக்கமாக, இடுப்பு உயரத்துக்குக் கீழே தொய்வில்லாமல் கட்டுங்கள். பூட்டின் வளையம் வெளியே தெரியாதபடி மூடிய வகையாக இருக்கட்டும்.

குளிரை மறக்காதீர்கள். அக்டோபர் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும், பகலில் பெய்த ஈரம் பூட்டுக்குள் பனிக்கட்டியாகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைப் பிடித்துக் குளிரில் கெட்டியாகும். கிராஃபைட் பொடி அல்லது உலர்ந்த வகை மசகு போதும். சாவித்துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். உறைந்துவிட்டால் சாவியை லைட்டரில் லேசாகச் சூடாக்கி நுழைத்துப் பாருங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்த நிமிடம் திறக்கும், அடுத்த முறை இன்னும் மோசமாக உறையும். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று கேட்டு வாங்கலாம். கையுறை போட்ட கையால் இருட்டில் எட்டுச் சாவியைத் தேடுவது பெரும்பாடு.

கூடாரத்தின் ஜிப்பில் பூட்டுப் போடுவதால் பயனில்லை. துணியைக் கிழிக்க ஒரு கத்தி போதும், பூட்டு உள்ளே விலையுள்ள பொருள் இருப்பதாகக் காட்டிக்கொடுக்கும். ஆள் இருப்பதுபோலத் தோன்றச் செய்யுங்கள்: நாற்காலிகள் வட்டமாக, கொடியில் துண்டு, வாசலில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ். நெருப்பை மட்டும் அப்படி விட்டுவிட்டுப் போகக்கூடாது, தண்ணீர் ஊற்றிக் கிளறிக் கையால் தொட்டுப் பார்த்து அணைத்த பிறகே கிளம்ப வேண்டும். பக்கத்து முகாம்களுக்கு முதல் நாள் மாலையே போய்ப் பேசுங்கள். எங்கள் வண்டி இது, நாங்கள் நான்கு பேர், வேறு யாராவது தொட்டால் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர்களுடையதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேரில் ஒருவர் முறை வைத்து முகாமில் இருந்தால் இந்தப் பதிலில் பாதி தேவைப்படாது.

ஜெனரேட்டர் தூக்க எளிது, விற்க எளிது. ஹோண்டா ஈயு2200ஐ போன்றவை சுமார் 21 கிலோதான். உடல் பிளாஸ்டிக் என்பதால் கைப்பிடியில் சங்கிலி போட்டால் கைப்பிடியை அறுத்துவிடுவார்கள். அடிப்பக்கம் போல்ட்டில் பொருத்தும் இரும்புச் சட்டம் தனியாகக் கிடைக்கிறது, அதில் சங்கிலியைக் கோத்துவிடுங்கள். ஓடும் சத்தமே இருப்பிடத்தைச் சொல்லிவிடும். ஆறிய பிறகு பெட்ரோல் வால்வை மூடிப் பின்தொட்டியின் இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாம். ஆட்கள் உட்காரும் பகுதிக்குள் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவி தங்கும்.

துப்பாக்கி திருடு போவதை மற்றப் பொருள் போவதோடு சேர்த்து எண்ணாதீர்கள், அது அடுத்து யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. முகாமில் ஒரு துப்பாக்கி சும்மா இருந்தால் அதன் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் உருளைப் பாகம்) கழற்றி உங்களோடு எடுத்துப் போங்கள். போல்ட் இல்லாத ரைஃபிள் சுடாது. கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல், ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விடுவதானால் பூட்டிய கெட்டியான பெட்டிக்குள், வெளியே தெரியாமல் வைத்து, வண்டியையும் பூட்ட வேண்டும். துப்பாக்கி தொலைந்தது தெரிந்த 5 நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் அம்மாநிலச் சட்டம். வரிசை எண் இருந்தால்தான் எஃப்.பி.ஐ.யின் தேசியத் தரவுத்தளத்தில் அதைத் திருட்டுத் துப்பாக்கியாகப் பதிய முடியும். ஆகவே எண்ணைப் படம் எடுத்து வீட்டில் வையுங்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கான விலக்குகளில் ஒன்று. அந்த உரிமத்தின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

மரத்தில் கட்டும் கேமராவை 3 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுங்கள். மனிதர்கள் நடக்கும்போது கண் மட்டத்தில்தான் பார்க்கிறார்கள். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும், 940 தெரியாது. முகாமைக் காக்க வைப்பதானால் இரண்டாவதை வாங்குங்கள். கேமராவே திருடு போனால் படம் பதியும் அட்டையும் போய்விடும் என்பதால், முதல் கேமராவைப் பார்க்கும்படி இரண்டாவதாக ஒன்று வைப்பது பலன் தரும்.

ஏர்டேக் (பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் ஆப்பிளின் சின்ன வில்லை) போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அதற்குச் சொந்தமாக ஜிபிஎஸ் இல்லை, பக்கத்தில் வரும் ஆப்பிள் கருவிகள் வழியாகத்தான் இருப்பிடம் சொல்லும். சிக்னலே இல்லாத வனத்தில் மௌனமாக இருக்கும், வண்டி ஊருக்குள் வந்த பிறகே பேசும். திருடன் போனில், உன்னோடு ஒரு ஏர்டேக் வருகிறது என்ற எச்சரிக்கையும் காட்டும். விலை குறைவு, டிரெய்லரில் ஒன்று ஒளித்து வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். செயற்கைக்கோள் வழியே பேசும் ஸ்பாட் டிரேஸ் போன்றவை சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மேலே இரும்பு மூடாமல் வானம் தெரிய வேண்டும், சந்தா கட்ட வேண்டும், குளிருக்கு லித்தியம் பேட்டரி போட வேண்டும்.

பிக்கப் உயரமானது என்பதால் ஜாக் இல்லாமலே அடியில் படுத்து கேடலிடிக் கன்வெர்ட்டரை (புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் பாகம்) அறுத்துவிடலாம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. அடியில் போல்ட் போடும் இரும்புத் தகடு கிடைக்கும். டெயில்கேட்டை, அதாவது பின்தொட்டியின் கதவை, தூக்கிக் கழற்றும் பக்கத்துக் கீலைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளாம்பை (திருகி இறுக்கும் உலோக வளையம்) இறுக்கிவிடுங்கள், சில டாலர்தான்.

இத்தனைக்குப் பிறகும், திரும்பி வரும்போது வண்டி இல்லாமல் போகலாம். பெரிய சாலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, பனி பெய்யும் இரவில் அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் வண்டிக்குள் வைத்துவிட்டு நடக்கக் கூடாதவை சில உண்டு: பணப்பை, போன், சாவி, மருந்து, கதகதப்பான மேல்கோட்டு, நெருப்பு மூட்டும் பொருள், செயற்கைக்கோளில் செய்தி அனுப்பும் கருவி. ஒருநாள் தண்ணீரையும் ஒரு தார்ப்பாயையும் முகாமுக்குச் சற்றுத் தள்ளி மறைத்து வையுங்கள், உணவை மட்டும் கரடி திறக்க முடியாத பெட்டியில்.

திருடு போயிருந்தால் எதையும் தொடாமல், டயர் தடத்தை மிதிக்காமல் படம் எடுத்துவிட்டு அந்த மாவட்ட ஷெரிஃபைக் கூப்பிடுங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள். காப்பீட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டிக் காப்பீட்டில் திருட்டு போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்சிவ் பகுதி வண்டிக்கும் அதில் பொருத்திய பாகங்களுக்கும்தான். உள்ளே இருந்த கூடாரம், பைனாகுலர், துப்பாக்கி எல்லாம் வீட்டுக் காப்பீடு அல்லது வாடகைதாரர் காப்பீட்டின் கீழ் வரும். அதிலும் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஏடிவிக்குத் தனிக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தின வாரமே முகவரைக் கூப்பிட்டு டிரெய்லர், ஏடிவி, துப்பாக்கி மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.